குளிர்ந்த இன்ஜினும் பழுதுதான்

எட்டாம் வகுப்பில் வெப்பம் பாடத்தைத் தொடங்கும்போது ஆண்டுதோறும் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரு வண்டியின் இன்ஜின் எவ்வளவு சூடாக இருந்தால் நல்லது?" பெரும்பாலும் வரும் பதில்: "சூடே ஆகக்கூடாது, மிஸ்." மலைப்பாதையின் ஓரத்தில் பானட்டைத் திறந்துவைத்து, ரேடியேட்டரிலிருந்து ஆவி கிளம்ப நிற்கும் வண்டிகளைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். பலருடைய அப்பாக்கள் வேன், ஜீப், பிக்கப் ஓட்டுகிறவர்கள். சூடானால் வண்டி நிற்கும், வண்டி நின்றால் அன்றைய வருமானம் நிற்கும். ஆகவே குளிர்ச்சி நல்லது, சூடு கெட்டது என்பது அவர்கள் வீட்டிலேயே கற்றுக்கொண்ட அறிவியல்.

அந்த அறிவியலில் பாதி சரி. மீதிப் பாதியைக் கற்பிக்கக் கடந்த ஆண்டு எனக்கு உதவியது, என் டீசல் காரில் பழுதான ஒரு தெர்மோஸ்டாட். அதைக் கண்டுபிடித்தது, புதியதைச் சோதித்தது, பொருத்தியது, பழையதை வகுப்பில் ஆராய்ந்தது ஆகியவற்றை ஆறு பாடவேளைகளுக்கான ஒரு செயல்திட்டமாக இங்கே தருகிறேன். கார் இல்லாத ஆசிரியரும் இதன் பெரும்பகுதியைச் செய்யலாம்.

பாடத்தோடு பொருத்தம்

எட்டாம் வகுப்பு வெப்பம் பாடத்தில் வெப்ப விரிவு, வெப்பம் பரவும் மூன்று முறைகள், கலோரிமீட்டர் ஆகியவற்றோடு தெர்மோஸ்டாட் எனும் வெப்பக்கட்டுப்படுத்தியும் வருகிறது. "வெப்பநிலையைச் சீராக வைத்திருக்கும் கருவி" என்று மாணவர்கள் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். எடுத்துக்காட்டு கேட்டால் இஸ்திரிப் பெட்டி. அதற்குள் இருக்கும் ஈருலோகப் பட்டை வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். காரில் இருப்பதோ மின்சாரமே தேவைப்படாத ஒரு வால்வு. இரண்டையும் அருகருகே வைத்தால்தான், தெர்மோஸ்டாட் என்பது ஒரு பொருளின் பெயராக இருப்பதைவிட ஒரு வேலையின் பெயர் என்பது விளங்கும்.

இச்செயல்திட்டத்தின் கற்றல் விளைவுகளாக நான் வைத்துக்கொண்டவை:

1. திண்மம் உருகும்போது கனஅளவு மாறுவதை ஒரு கருவியின் இயக்கத்தோடு தொடர்புபடுத்துதல்.
2. கொதிநிலை அழுத்தத்தைப் பொறுத்தது என்பதைத் தம் ஊரில் எடுத்த அளவீட்டைக் கொண்டு அறிதல்.
3. நேரம் – வெப்பநிலை வரைபடம் வரைந்து, அதைப் படித்துப் பழுதைக் கண்டறிதல்.
4. ஊரில் நிலவும் ஒரு நடைமுறையைச் சான்றுகளைக் கொண்டு ஆராய்தல்.

இரண்டு சுற்றுப்பாதைகள்

முதல் வேளையில் கரும்பலகையில் இரண்டு வட்டங்கள் வரைந்தேன். சின்ன வட்டத்தில் கூலன்ட் நீர் பம்பிலிருந்து இன்ஜினுக்குள் போய், சூட்டை வாங்கிக்கொண்டு, நேராகப் பம்புக்கே திரும்பிவிடும். பெரிய வட்டத்தில் அதே நீர் ரேடியேட்டர் வழியாகச் சுற்றி, காற்றுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பும். இரண்டு வட்டங்களும் சந்திக்கும் இடத்தில் ஒரு கதவு. அந்தக் கதவுதான் தெர்மோஸ்டாட்.

காலையில் வண்டியைக் கிளப்பும்போது கதவு மூடியிருக்கும். நீர் சின்ன வட்டத்திலேயே சுற்றுவதால் இன்ஜின் விரைவில் சூடாகும். பல கார்களில் 82 முதல் 90 டிகிரி செல்சியஸுக்குள் கதவு திறக்கத் தொடங்கும். அதற்குமேல் 12, 15 டிகிரி ஏறினால் முழுவதும் திறந்துவிடும். நீர் குளிர்ந்தால் கதவு மீண்டும் மூடத் தொடங்கும். வண்டி ஓடும் நேரமெல்லாம் இது சற்றுத் திறந்து, சற்று மூடியபடியே இருக்கும். நமக்கு உடம்பு சூடானால் வியர்க்கிறது, குளிர்ந்தால் வியர்வை நிற்கிறது. அதே முறைதான்.

கதவைத் திறப்பது மெழுகு. ஒரு சிறிய பித்தளைக் குப்பிக்குள் மெழுகை அடைத்திருப்பார்கள். வெப்பம் விரைவாகப் பரவ அதில் செம்புத் தூளும் கலந்திருக்கும். குறிப்பிட்ட வெப்பநிலையில் மெழுகு உருகி விரிந்து ஒரு சிறு தண்டைத் தள்ளும். தண்டு வால்வைத் திறக்கும். குளிர்ந்தால் மெழுகு சுருங்கும், ஸ்பிரிங் வால்வை இழுத்து மூடும். தெர்மோஸ்டாட் என்ற பெயரை 1830-இல் தம் ஈருலோகக் கருவிக்கு வைத்தவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஆண்ட்ரூ யூர். மெழுகால் இயங்கும் வகையை 1930-களில் வாகனங்களுக்கு உருவாக்கியவர் செர்ஜியஸ் வெர்னே.

மெழுகு உருகினால் விரியும் என்பதைச் சொல்லிவிட்டுப் போகாமல் காட்டிவிடுவது நல்லது. ஒரு சிறிய தகர டப்பாவில் மெழுகுவர்த்தித் துண்டுகளைப் போட்டு, டப்பாவை வெந்நீரில் வைத்து உருக்கினோம். திரவத்தின் மட்டத்தில் கோடு போட்டுவிட்டு ஆறவைத்தோம். மறுநாள் பார்த்தால் நடுவில் குழி விழுந்திருந்தது. உறையும்போது மெழுகு சுருங்கியதற்கு அந்தக் குழியே சான்று. தண்ணீர் இதற்கு நேர்மாறு: உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும். "அப்போ தெர்மோஸ்டாட்டில் தண்ணீரை அடைத்தால் தலைகீழாக வேலை செய்யுமா, மிஸ்?" என்றாள் ஒரு மாணவி. எந்த வெப்பநிலையில் என்று நான் திருப்பிக் கேட்டேன். பூச்சியம் டிகிரியில் என்று கண்டுபிடித்ததும் அவளே சிரித்துவிட்டாள்.

டீசல் இன்ஜினுக்குச் சூடு எதற்கு?

பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி உண்டு. டீசல் இன்ஜினில் இல்லை. உருளைக்குள் காற்றை அதன் கனஅளவில் 16-இல் ஒரு பங்கு, 18-இல் ஒரு பங்கு என்று அழுத்தும்போது காற்றின் வெப்பநிலை 500 டிகிரியைத் தாண்டுகிறது. அதில் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்த பிள்ளைகளுக்கு இது எளிதில் புரியும்.

உருளையின் சுவர் குளிர்ந்திருந்தால் அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில் ஒரு பகுதியைச் சுவரே வாங்கிக்கொள்ளும். எரிதல் தாமதமாகும், முழுமையாக நடக்காது. எரியாத டீசலில் ஒரு பகுதி வெண்புகையாக வெளியேறும். இன்னொரு பகுதி உருளைச் சுவர் வழியாக இறங்கி எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். எரிதலில் உண்டாகும் நீராவியும் குளிர்ந்த இன்ஜினுக்குள் ஒடுங்கி எண்ணெயோடு சேர்ந்து கசடாகும். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று சென்சார் சொல்லிக்கொண்டே இருப்பதால், காரின் கணினி குளிர்நிலைக்குரிய கணக்கிலேயே டீசலைக் கொடுக்கும். 2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த பி.எஸ்.-6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். இன்ஜின் போதிய சூட்டை எட்டாவிட்டால் பல கார்களில் அந்த வேலை தொடங்குவதே இல்லை.

டீசல் இன்ஜின் எரிபொருளின் ஆற்றலில் பெட்ரோல் இன்ஜினைவிடக் கூடுதல் பங்கை இயக்கமாக மாற்றுகிறது. வீணாகும் வெப்பம் அதனால் குறைவு. கதவு திறந்தபடியே சிக்கிக்கொண்டால், இருக்கும் கொஞ்சச் சூடும் ரேடியேட்டர் வழியாக ஓடிவிடும்.

பழுதைக் கண்டறிதல்

என் கார் பத்தாண்டு பழையது. அதில் மூன்று அறிகுறிகள் தெரிந்தன. வெப்பநிலை முள் கால் அளவைத் தாண்டவில்லை. ஹீட்டரில் வெதுவெதுப்பான காற்றுதான் வந்தது. ஒரே பாதையில் லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 14.5 கிலோமீட்டருக்கு இறங்கியது. இரண்டாவது அறிகுறியை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பனிமூட்டத்தில் முன்கண்ணாடியின் உட்புறம் ஈரம் படியும்போது அதை விரைவாகப் போக்குவது ஹீட்டர் காற்று. கொண்டை ஊசி வளைவில் கண்ணாடி தெளியாவிட்டால் ஆபத்து.

இந்த மூன்றையும் வகுப்பில் சொல்லி, காரணம் என்னவாக இருக்கலாம் என்று கேட்டேன். நான்கு ஊகங்கள் வந்தன: ஊர்க் குளிர், முள் பழுது, சென்சார் பழுது, தெர்மோஸ்டாட் பழுது. ஒவ்வொன்றையும் எப்படிச் சோதிப்பது என்று குழுக்களாகப் பேச வைத்தேன். முடிவில் பலகையில் எழுதியவை:

ஊர்க் குளிர்: அதே காலையில், அதே ஊரில், மற்ற கார்களின் முள் நடுவில் நிற்கிறது. எனவே இது காரணம் அன்று.

முள்: ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சோதனைச் செருகியில் ஒரு சிறிய ஸ்கேனரை மாட்டினால் இன்ஜின் கணினி பார்க்கும் வெப்பநிலை கைப்பேசியில் தெரியும். அதுவும் குறைவாகவே காட்டியது. எனவே முள் சரியாக இருக்கிறது.

சென்சார்: சென்சார் பொய் சொல்கிறது, நீர் உண்மையில் சூடாகத்தான் இருக்கிறது என்றால் ஹீட்டரில் சூடான காற்று வர வேண்டும். வரவில்லை. சென்சார் சொல்வதை ஹீட்டரும் உறுதிசெய்கிறது.

தெர்மோஸ்டாட்: கதவு மூடியிருந்தால், இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டரின் மேல் ஹோஸ் குளிர்ந்தே இருக்க வேண்டும். வண்டியைக் கிளப்பி மூன்று நிமிடம் கழித்து இன்ஜினை அணைத்துவிட்டு நான் தொட்டுப் பார்த்தேன். ஹோஸ் அப்போதே வெதுவெதுப்பாகிவிட்டது. கதவு மூடவில்லை.

ஸ்கேனரோடு வந்த செயலி வெப்பநிலையைத் தானே பதிவுசெய்துகொள்ளும் என்பதால் வண்டி ஓட்டும்போது கைப்பேசியைப் பார்க்க வேண்டியதில்லை. பள்ளிக்கு வரும் பாதையில் ஒரு காலை கிடைத்த அளவுகள் இவை:

தொடக்கத்தில் 16 டிகிரி
5 நிமிடத்தில் 38
10 நிமிடத்தில் 52
15 நிமிடத்தில் 61
18 நிமிடத்தில், நீண்ட இறக்கத்தின் முடிவில் 54
22 நிமிடத்தில், பள்ளி வாசலில் 60

மாணவர்கள் இதை வரைபடத்தாளில் குறித்தார்கள். இறக்கத்தில் ஏன் வெப்பநிலை விழுந்தது என்பதுதான் அன்றைய வீட்டுப்பாடம். கியரில் இறங்கும் வண்டியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் கணினி டீசலை நிறுத்திவிடும். உள்ளே சூடு உண்டாவதில்லை. ரேடியேட்டரிலோ காற்று மோதிக்கொண்டே இருக்கிறது. சரியான தெர்மோஸ்டாட் என்றால் உடனே கதவைச் சாத்தி இருக்கும் சூட்டைக் காத்திருக்கும். வரைபடத்தின் அந்த ஒரு பள்ளமே பழுது எங்கே என்று சொல்லிவிட்டது. இத்தகைய பழுதுக்குக் காரின் கணினி பி0128 என்ற குறியீட்டைப் பதிவுசெய்வதுண்டு.

புதியதைச் சோதித்தல்

வெள்ளிக்கிழமை, புதிய தெர்மோஸ்டாட்டைப் பொருத்தும் முன்பே வகுப்புக்குக் கொண்டுபோனேன். அதன் விளிம்பில் 88 என்று பொறித்திருந்தது. அது உண்மையா என்று பார்ப்பதே சோதனை.

தேவையானவை: வெப்பம் தாங்கும் கண்ணாடி பீக்கர், 110 டிகிரி வரை அளக்கும் வெப்பநிலைமானி, நூல், தாங்கி, அடுப்பு. வால்வை விரலால் சற்றே அழுத்தித் திறந்து, நூலின் முனையை இடுக்கில் வைத்து விட்டுவிட்டால் ஸ்பிரிங் நூலைக் கவ்விக்கொள்ளும். அந்த நூலிலேயே தெர்மோஸ்டாட்டைத் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். கதவு திறக்கும் கணத்தில் நூல் விடுபட்டுத் தெர்மோஸ்டாட் விழும். பீக்கரின் அடியில் ஒரு மடித்த துணி போட்டுவைத்தால் கண்ணாடிக்கு அடிபடாது. தெர்மோஸ்டாட்டும் வெப்பநிலைமானியும் பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. 75 டிகிரிக்குமேல் தீயைக் குறைத்து, தண்ணீரைக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்பை ஆசிரியரே கையாள வேண்டும். மாணவர்கள் ஒரு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

வகுப்பே எண்ணிக்கொண்டிருக்க, 87 டிகிரியில் விழுந்தது. இரண்டாம் முறை 88. பொறித்த எண் சரி.

அடுத்து நடந்ததை நான் பாடக்குறிப்பில் எழுதியிருக்கவில்லை. முழுவதும் எப்போது திறக்கும் என்று பார்க்கத் தொடர்ந்து சூடாக்கச் சொன்னார்கள். 94 டிகிரியில் தண்ணீர் கொதித்தது. அதற்குமேல் முள்ளளவும் ஏறவில்லை. வால்வு பாதிகூடத் திறக்கவில்லை. "தெர்மோமீட்டர் தப்பு, மிஸ். தண்ணீர் 100-இல்தானே கொதிக்கும்?" என்று ஒருவன் கேட்டான்.

அதற்கான விடை அவன் வீட்டு அடுக்களையிலேயே இருந்தது. கோத்தகிரி ஏறத்தாழ 1800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலையும் இறங்கும். கணக்குப் போட்டார்கள்: ஆறு டிகிரி குறைவு, 94. உங்கள் வீட்டில் குக்கர் இல்லாமல் பருப்பு வேக எவ்வளவு நேரமாகிறது, மேட்டுப்பாளையத்து உறவினர் வீட்டில் எவ்வளவு நேரம் என்று விசாரித்து வரச் சொன்னேன்.

அப்படியானால் காருக்குள் 100 டிகிரிக்குமேல் கதவு எப்படி முழுதாகத் திறக்கும்? உப்புப் போடலாம் என்றான் ஒருவன். ஒரு லிட்டர் தண்ணீரில் 58 கிராம் உப்புப் போட்டாலும் கொதிநிலை ஒரு டிகிரிதான் ஏறும், இரும்பும் துருப்பிடிக்கும். குக்கர் மாதிரி மூடிவைக்கலாம் என்றாள் இன்னொருத்தி. அதுதான் விடை. ரேடியேட்டர் மூடி ஒரு விசில் வெயிட்டைப் போன்றது. காற்றழுத்தத்துக்குமேல் ஏறத்தாழ இன்னொரு மடங்கு அழுத்தத்தை உள்ளே தேக்கிவைத்தால், கடல்மட்டத்தில் வெறும் தண்ணீரேகூட 120 டிகிரி வரை கொதிக்காது. எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட்டுக்கு இன்னும் சற்று அதிகம். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது என்பதற்குக் காரணமும் இதுதான். அழுத்தம் போன கணத்தில் நீர் மொத்தமாகக் கொதித்து முகத்தில் சீறும். இதை ஒரு எச்சரிக்கையாக மட்டும் சொன்னால் மறந்துவிடுவார்கள். 94-ஐக் கண்ணால் பார்த்தபின் சொன்னதால் மறக்கவில்லை.

பொருத்துதல்

சனிக்கிழமை எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவரின் பட்டறையில், அவர் சொல்லச் சொல்ல நானே மாற்றினேன். முதலில் அவர் சொன்னது வேறு. "எதுக்கு டீச்சர் இது? கழட்டிப் போட்டுட்டா தொல்லை விட்டுச்சு. நான் கழட்டிவிட்ட வண்டி ஒண்ணுகூட இதுவரைக்கும் சூடாகி நின்னதில்லை." பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றதும், "அப்படின்னா சரி, வாங்க" என்று கருவிகளை எடுத்தார். அவர் சொன்ன வாக்கியத்தை நான் குறித்துக்கொண்டேன். வகுப்பில் அது தேவைப்படும்.

செய்த படிகள்:

1. இரவு முழுதும் ஆறிய இன்ஜின். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டு மெதுவாகத் திறந்தோம்.

2. கீழ் ஹோஸைக் கழற்றிக் கூலன்ட்டை ஒரு வாளியில் பிடித்தோம். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. நாயோ குழந்தையோ குடித்தால் உயிருக்கே ஆபத்து. எனவே தரையிலோ சாக்கடையிலோ ஊற்றாமல், மூடியுள்ள கேனில் ஊற்றிப் பெயரெழுதி வைத்தோம்.

3. மேல் ஹோஸ் இன்ஜினில் சேருமிடத்தில் உள்ள உறையின் போல்ட்டுகளைக் கழற்றி, பழைய தெர்மோஸ்டாட்டை எடுத்தோம். எல்லாக் கார்களிலும் இது இதே இடத்தில் இருப்பதில்லை. சில கார்களில் உறையும் தெர்மோஸ்டாட்டும் ஒரே பாகமாக வரும். அப்போது முழுவதையும் மாற்ற வேண்டும்.

4. உறை உட்காரும் பரப்பில் ஒட்டியிருந்த பழைய படிவைக் கீறல் விழாமல் துடைத்தோம். அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் கசியும்.

5. புதிய ஓ-ரிங்கோடு புதிய தெர்மோஸ்டாட்டை வைத்தோம். மெழுகுக் குப்பி இன்ஜின் பக்கம் இருக்க வேண்டும். சூட்டை உணர வேண்டியது அதுதானே. விளிம்பில் உள்ள சிறிய காற்றுத்துளை மேல்நோக்கி இருக்க வேண்டும். உள்ளே சிக்கிய காற்று அதன் வழியேதான் வெளியேறும்.

6. போல்ட்டுகளை மாற்றி மாற்றி, சமமாக, கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்கு மட்டும் இறுக்கினோம்.

7. கையேடு சொல்லும் வகைக் கூலன்ட்டை மெதுவாக ஊற்றினோம். நிறம் ஒன்றாக இருப்பதால் மட்டும் இரண்டு கூலன்ட்டுகளைக் கலந்துவிடக் கூடாது. பிறகு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இன்ஜினை ஓடவிட்டு, கையேட்டில் உள்ள முறைப்படி காற்றை வெளியேற்றினோம். காற்றுக்குமிழி நின்றுவிட்டால் சென்சாரும் ஹீட்டரும் தவறான சேதி தரும்.

8. ஆறியபின் மட்டத்தைப் பார்த்துக் குறைந்ததை நிரப்பினோம். கசிவு இல்லை.

வேலை இரண்டு மணி நேரம். மெக்கானிக் துணையின்றி, கையேடு இல்லாமல் இதை யாரும் முதன்முறையாகச் செய்ய வேண்டாம். மாணவர்களை இந்தக் கட்டத்தில் அழைத்துச் செல்லவும் வேண்டாம். படம் எடுத்து வந்து காட்டினால் போதும்.

திங்கட்கிழமைக் காலை அதே பாதையில் கிடைத்த அளவுகள்:

தொடக்கத்தில் 17 டிகிரி
5 நிமிடத்தில் 49
10 நிமிடத்தில் 78
15 நிமிடத்தில் 88
18 நிமிடத்தில், இறக்கத்தின் முடிவில் 86
22 நிமிடத்தில் 89

இந்த வரைகோட்டைப் பழைய வரைபடத்தின் மேலேயே வேறு நிறத்தில் வரையச் சொன்னேன். முதல் ஐந்து நிமிடத்தில் இரண்டு கோடுகளும் அதிகம் விலகவில்லை. அதன்பிறகு ஒன்று ஏறி மேடாகி நின்றது, மற்றொன்று சரிந்து தள்ளாடியது. "சீராக வைத்திருக்கும் கருவி" என்ற பாடநூல் வரிக்கு அவர்கள் வரைந்த படமே விளக்கமாயிற்று.

பழையது சொன்னது

சோப்பு நீரில் நன்கு கழுவிய பழைய தெர்மோஸ்டாட்டைக் கைக்குக் கை மாற்றினார்கள். அறை வெப்பநிலையிலேயே வால்வுக்கும் விளிம்புக்கும் நடுவே ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. வால்வுத் தட்டு சாய்ந்து படிவில் சிக்கியிருந்தது. நூல் கட்டவே முடியவில்லை, பிடித்துக்கொள்ள இடுக்கு இல்லை. வெந்நீரில் போட்டபோது இன்னும் சற்றுத் திறந்தது. ஆறியபின் அதே 3 மில்லிமீட்டரில் நின்றது. மெழுகு கெடவில்லை, மூடும் வழிதான் கெட்டுவிட்டது என்று ஒரு குழு எழுதியிருந்தது. நான் எதிர்பார்த்த விடையைவிடத் துல்லியமான விடை அது.

கழற்றிவிட்டால் என்ன?

மெக்கானிக் சொன்ன வாக்கியத்தைப் பலகையில் எழுதினேன். "நான் கழற்றிவிட்ட வண்டி ஒன்றுகூடச் சூடாகி நின்றதில்லை." இது பொய்யா என்று கேட்டேன். பொய் இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சரியான விடையும் அதுவே. மூடியபடி சிக்கிக்கொள்ளும் தெர்மோஸ்டாட் இன்ஜினைக் கொதிக்க வைத்து ஹெட் கேஸ்கெட்டையே கொன்றுவிடும். அந்தச் செலவைப் பார்த்தவர் கழற்றி எறியத்தான் சொல்வார். அவருடைய அனுபவத்தைக் கேலி செய்யும் பாடம், அப்பாவை மதிக்கும் பிள்ளையிடம் எடுபடாது.

அடுத்த கேள்வி: "அவர் எதை எண்ணினார்? எதை எண்ணவில்லை?" இங்கேதான் வகுப்பு சூடுபிடித்தது. நின்றுபோன வண்டி பட்டறைக்கு வரும், எண்ணப்படும். டீசல் கூடுதலாகக் குடிக்கும் வண்டி பட்டறைக்கு வராது. பம்பில் போய் நிரப்பிக்கொண்டு ஓடிவிடும். எண்ணெய் நீர்த்து இரண்டாண்டு முன்னதாகத் தேய்ந்த இன்ஜினைப் பார்த்து, தெர்மோஸ்டாட் இல்லாததால் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கண்ணாடியில் ஈரம் படிந்ததைப் பனியின் குற்றம் என்பார்கள். சத்தம் போடும் பழுது கணக்கில் வரும், சத்தமில்லாமல் தின்னும் பழுது வராது. இதை மாணவர்கள் தாங்களே சொல்லுமளவுக்கு வந்ததுதான் இந்த ஆறு வேளைகளின் பயன் என்று நினைக்கிறேன்.

இன்னொரு செய்தியையும் சேர்த்தேன். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு தட்டுகள். ஒன்று ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது மற்றொன்று சின்ன வட்டத்தை மூடும். அதைக் கழற்றிவிட்டால் சின்ன வட்டம் எப்போதும் திறந்தே இருக்கும். சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடும். பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது அந்த வண்டி, கழற்றியதாலேயே கொதிக்கக்கூடும்.

கணக்கையும் அவர்களே போட்டார்கள். மாதம் 800 கிலோமீட்டர் ஓடும் கார். லிட்டருக்கு 14.5 கிலோமீட்டர் என்றால் 55.2 லிட்டர். 17 கிலோமீட்டர் என்றால் 47.1 லிட்டர். வேறுபாடு 8 லிட்டருக்குச் சற்று மேல். அன்றைய டீசல் விலையைப் பம்புப் பலகையில் பார்த்து வந்து பெருக்கினார்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோகிராம் கார்பன் டைஆக்சைடு வெளியேறும் என்பதால், மாதம் 22 கிலோகிராம் என்றும் எழுதினார்கள். தெர்மோஸ்டாட்டையும் கூலன்ட்டையும் வாங்கிய செலவு எத்தனை மாதத்தில் திரும்பும் என்பது கடைசிக் கணக்கு. ஒரு வண்டியில் கிடைத்த அளவை எல்லா வண்டிக்கும் பொதுவாக்கக் கூடாது என்பதையும் சொல்லிவைத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு மாணவர் வந்து, தன் அப்பாவின் பிக்கப்பில் தெர்மோஸ்டாட்டே இல்லை, சென்ற ஆண்டு கழற்றியிருக்கிறார்கள் என்றார். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். "காலையில கண்ணாடி தெளிய ரொம்ப நேரமாகுதுன்னு ஒத்துக்கிட்டார், மிஸ். ஆனா மாட்டலாமான்னு இன்னும் முடிவு பண்ணலை." அது அவர் வண்டி, அவர் முடிவு. பையனிடம் வரைபடம் இருக்கிறது.

மதிப்பீட்டு வினாக்கள்

1. வெப்பநிலை முள் குறைவாகக் காட்டுகிறது, ஆனால் ஹீட்டரில் நல்ல சூடான காற்று வருகிறது. எந்தப் பாகத்தை முதலில் ஐயுறுவீர்கள்? ஏன்?
2. மெழுகுக் குப்பி ரேடியேட்டர் பக்கம் இருக்குமாறு தெர்மோஸ்டாட்டைத் திருப்பிப் பொருத்தினால் என்ன நேரும்?
3. சென்னையில் இதே சோதனையைச் செய்தால் எந்த அளவு மாறும், எந்த அளவு மாறாது?
4. இஸ்திரிப் பெட்டி, குளிர்பதனப் பெட்டி, மனித உடல், கார் இன்ஜின்: ஒவ்வொன்றிலும் உணர்வது எது, செயல்படுவது எது என்று அட்டவணைப்படுத்துக.

மூன்றாம் வினாவுக்கு விடை: கொதிநிலை 100-ஐ ஒட்டி வரும், திறக்கும் வெப்பநிலை மாறாது. மெழுகு உருகுவது ஊரின் உயரத்தைக் கவனிப்பதில்லை.

கார் இல்லாத பள்ளிகள் அருகிலுள்ள பட்டறையில் கேட்டால் கழற்றிப்போட்ட தெர்மோஸ்டாட்டுகள் கிடைக்கும். அவற்றில் சில நன்றாகவே வேலை செய்யும். எவை நல்லவை என்று கண்டுபிடிப்பதே மாணவர்களுக்கு நல்ல சோதனை. கையுறை போட்டு, சோப்பு நீரில் இருமுறை கழுவிய பின்னரே வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். வரைபடத்துக்கு இந்தக் கட்டுரையில் உள்ள அளவுகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம். உங்கள் ஊரின் கொதிநிலையை மட்டும் நீங்களே அளந்து, கடல்மட்டத்திலிருந்து உங்கள் ஊரின் உயரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

– அறிவியல் பட்டதாரி ஆசிரியை, அரசு உயர்நிலைப் பள்ளி, நீலகிரி மாவட்டம்